பிள்ளைக்கு உன் லீவு தெரியாது

மகன்,

முதலில் என் ஸலாம். அடுத்தது, போன செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நீ கட்டாரிலிருந்து உன் மனைவிக்கு எடுத்த போனை யார் யார் கேட்டார்கள் என்ற கணக்கு. றிஸ்னா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மா. அதனால்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள், வேறு எண்ணம் எதுவும் இல்லை. அவளுடைய உம்மா, அதாவது உன் மாமி, தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். உன் குரல் உயர்ந்ததும் துருவுவதை நிறுத்திவிட்டார். நான் ஒலுவிலில் நம் வீட்டிலிருந்து கொண்டுபோன மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீடு பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ் கதிரையில் இருந்து றிஸ்னாவின் கிளினிக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உன் வாப்பா விறாந்தையில் பத்திரிகையோடு இருந்தார். உடம்பு வெளியே, காது உள்ளே. மொத்தம் ஐந்து பேர். றிஸ்னாவின் வயிற்றில் எட்டு மாதமான பிள்ளைக்கு வெளிச்சத்தம் கேட்கும் என்று மிஸ் சொல்கிறார். அதையும் சேர்த்தால் ஆறு.

நீ சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "என்ட லீவு இருபது நாள். அதுக்குள்ள பிள்ள கிடைக்கணும். கொழும்பில பிரைவேட்டா ரூம் எடுத்துத் தாறன், நாளக் குறிச்சி வெட்டி எடுக்கட்டும். பொஞ்சாதிய கவர்மென்ட் வாட்டில படுக்க வெக்கிறதுக்கா நான் இஞ்ச வெயில்ல கிடந்து உழைக்கன்? பிள்ள பிறந்ததும் அதுட காதில நான்தான் பாங்கு சொல்லணும். வேற ஆரும் சொல்லக் கூடா." றிஸ்னா குரலை உயர்த்தவில்லை. "பிள்ளைக்கு உங்கட லீவு தெரியாதே" என்றாள். "நான் சொன்னா சொன்னதுதான்" என்று நீ போனை வைத்துவிட்டாய். நான் குழாயை மூடினேன். பிறகு உன் மாமி சொன்னார்: "என்னகா இது. மருமகன் என்ட குசினிக்குள்ள இவ்வளவு சத்தமாக் கதைச்சது இதான் முதல் தரம். அதுவும் ஆளில்லாம." மிஸ் கொப்பியை மூடினார். "நான் ஒண்டும் கேக்கல்ல உம்மா. பிரஷர நாளைக்கு வந்து பாக்கிறன். இப்ப பாத்தா அது என்ட மெசின்ட பிழை எண்டு நினைப்பீங்க" என்றார். றிஸ்னா சிரித்தாள். ரொட்டி ஒன்றைத் தட்டிக் கல்லில் போட்டாள். அது கருகியது.

அன்று நான் எதுவும் பேசவில்லை. பயம் என்று நினைக்காதே. நம் ஊர்களின் வழக்கம் உனக்குத் தெரியும். வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிந்த அன்றிலிருந்து நீ அவளுடைய வீட்டு மாப்பிள்ளை, நான் அந்த வீட்டுக்கு மீனோடு வரும் விருந்தாளி. விருந்தாளி குசினியில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றை நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டுச் சுவரில் மணிக்கூடு மாட்ட ஓர் ஆணி அடிக்கலாமா என்று, போன தடவை வந்தபோது நீ உன் மாமியிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் சுத்தியலை எடுத்தாய். அது நல்ல பிள்ளையின் பழக்கம், எனக்குப் பெருமையாக இருந்தது. சுவருக்கு அனுமதி கேட்டவன், அவளுடைய வயிற்றில் கத்தி வைக்க ஏன் கேட்கவில்லை, மகன்?

அவள் எங்கே பெறுவது என்பதை எப்படித் தீர்மானித்தாள் என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவுமில்லை. நான் கூடப் போனவள், அதனால் சொல்கிறேன். ஏழாம் மாதம் முடிந்ததும் ஒற்றைக் கொப்பித் தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு என்னையும் ஏற்றி ஓட்டோவில் புறப்பட்டாள். முதலில் போனது பணம் கட்டும் பிரைவேட் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு, ஏனென்றால் நீ முன்பே சொல்லிவந்த விருப்பத்தை முதலில் பார்க்கவேண்டும் என்று அவளே சொன்னாள். அழகான இடம். குளிர் அறை, பூப்போட்ட திரை, பிள்ளைக்குத் தனித் தொட்டில். எனக்கு அங்கேயே படுத்துத் தூங்கலாம் போலிருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கதைத்தாள். றிஸ்னா தாளை விரித்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் எந்த நேரமும் இருப்பாரா? கூப்பிட்டால் வருவாராம். இரத்தம் தேவைப்பட்டால்? வெளியிலிருந்து எடுப்பிக்க வேண்டுமாம். பிள்ளை மூச்செடுக்கக் கஷ்டப்பட்டால்? அந்தப் பெண் ஒளிக்காமல் சொன்னாள்: "அப்பிடி வந்தா உடனே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம், மிஸ்." றிஸ்னா தாளை மடித்தாள். "அப்ப நான் முதல்லயே அங்க போனா ஒரு பயணம் மிச்சம்தானே" என்றாள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொழும்பு இடங்கள் அப்படியில்லை, எல்லாம் இருக்கும் என்று நீ சொல்வாய். இருக்கலாம். அதையும் அவள் யோசித்தாள். எட்டு மணித்தியாலப் பயணம், நிறைமாத வயிறு, அங்கே தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. உன் லீவு முடிந்ததும் தையல் காயத்தோடும் கைப்பிள்ளையோடும் திரும்ப எட்டு மணித்தியாலம். நீ விமானத்தில் இருப்பாய்.

பிறகு கல்முனையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பூப்போட்ட திரை இல்லை. சனம், வெக்கை, இருக்கக் கதிரை கிடைக்காமல் சுவரோடு சாய்ந்து நின்ற கர்ப்பிணிகள். ஒரு நேர்ஸ் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். றிஸ்னா அந்த நேர்ஸிடமே போனாள். அதே தாள், அதே கேள்விகள். அவர் முதலில் "நீங்க என்ன, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பிறகு தாளை வாங்கி வாசித்தார். வாசித்ததும் குரல் மாறியது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒப்பரேஷன் தியேட்டர் பக்கத்திலேயே இருக்கிறது, இரத்தம் இருக்கிறது, மூச்சுக்குக் கஷ்டப்படும் பிள்ளைகளை வைத்துப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது. "சொகுசு மட்டும் இல்ல தங்கச்சி. பக்கத்துக் கட்டில்காரி கத்துவா, நீங்களும் கத்துவீங்க. நான் ஏசுவன். அதெல்லாம் மனசில வெக்கப்படாது." றிஸ்னா கடைசிக் கேள்வியைக் கேட்டாள், துணைக்கு ஆள் உள்ளே வரலாமா என்று. "ஒரு பொம்பிள வரலாம். மயங்கி விழக் கூடா. விழுந்தா எங்களுக்கு ரெண்டு வேலை" என்றார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் வீறாப்புக்காக இதைச் செய்யவில்லை. வெட்டக் கூடாது என்று பிடிவாதமும் அவளிடம் இல்லை. பெரிய டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகத் தலை திரும்பியிருக்கிறது, வெட்டுவதற்கு இப்போது காரணம் இல்லை, காரணமில்லாமல் முந்தி எடுத்தால் பிள்ளையின் மூச்சுக்குத்தான் கஷ்டம் வரலாம் என்றார். உன் லீவு முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அவளுடைய நாள் என்பது உனக்கு நினைவிருக்கும். றிஸ்னா அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்: "தேவை வந்தா வெட்டுங்க டாக்டர், நான் பயப்பிட மாட்டன். லீவு பாத்து மட்டும் வெட்டாதீங்க." எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டு, நீ படித்து முடித்த புத்தகங்களைப் பிறகு எடுத்துப் படித்தவள் நான். ஒரு பெண், டாக்டரின் முகத்தைப் பார்த்து, இப்படிக் கதைக்கலாம் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

நீ போன் எடுத்த மறுநாள்தான் யார் துணைக்குப் போவது என்ற கதை வந்தது. உன் மாமி உடனே கையெடுத்துக் கும்பிடாத குறை. "என்ன விட்டுருங்க. கோழி அறுக்கிறதப் பாத்தாலே எனக்குத் தல சுத்தும். நான் வெளியில நிண்டு யாஸீன் ஓதுறன், அதான் எனக்குச் சரி." றிஸ்னா என்னைப் பார்த்தாள். "அப்ப மாமி, நீங்க வாங்க." எத்தனையோ மருமக்கள் மாமியாரைக் கதவுக்கு அந்தப் பக்கம் வைக்க வழி தேடுவார்கள். இவள் உள்ளே கூப்பிடுகிறாள். எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த இடத்துக்கு நான் தகுதியானவள் இல்லை. ஏன் என்று அவளுக்குச் சொல்லாமல் போவது ஏமாற்று. அதனால் முப்பது வருடத்துக்கு மேல் உனக்குச் சொல்லாததை அன்று அவளுக்குச் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன்.

உனக்கு முன்னால் எனக்கு ஒரு மகள், உன் ராத்தா, இருந்தாள் என்று உனக்குத் தெரியும். அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்றே சொல்லி வளர்த்தேன். அது உண்மை. ஆனால் முழுக்கணக்கு அல்ல. வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ண இப்போது கிளினிக்கில் தரும் அட்டையை அந்தக் காலத்தில் எனக்கு யாரும் தரவில்லை. எழுதிப் பழகிய கை சும்மா இருக்காதே, சாமான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை துடிக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போட்டு வந்தேன். விளையாட்டாகத்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கோடுகள் பாதியாகக் குறைந்தன. புதன்கிழமை நான்கு கோடு. வியாழக்கிழமை ஒன்று, அதுவும் எனக்கே சந்தேகம். ஆஸ்பத்திரியில் அப்போது இருந்தவர் ஆண் டாக்டர். வெள்ளிக்கிழமை லேடி டாக்டர் ஒருவர் வருவார் என்று கேள்விப்பட்டிருந்தேன். என்னை எந்த ஆணும் தொடுவதில்லை என்று நான் மனதில் உறுதியாக நிய்யத்து வைத்திருந்தேன். உன் வாப்பா வாசலில் நின்று, "எழும்பு புள்ள, போவம்" என்று கெஞ்சினார். பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்து, "தேவை வந்தா குத்தமில்லயாம், உயிர்தான் முதலாம்" என்று மூச்சிரைக்கச் சொன்னார். "வெள்ளிக்கிழம போவம்" என்றேன். வெள்ளிக்கிழமை போனோம். லேடி டாக்டர் வயிற்றில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்றைய யுத்தகால நாட்டு நிலைமையைக் காரணம் காட்டலாம். அந்த வருடங்களை அறிந்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த மூன்று நாளும் ரோட்டு திறந்திருந்தது, பஸ் ஓடியது. பொய்க்கணக்கு எழுத எனக்கு வராது. மார்க்கம் அந்த மூன்று நாளை என்னிடம் கேட்கவில்லை மகன். நானாகவே கொடுத்தேன், கொடுத்துவிட்டு அதைத் தக்வா, இறையச்சம், என்று நினைத்தேன். அவளை அடக்கம் செய்த பிறகும் தொழுதேன், நோன்பு பிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். இரண்டு வருடம் கழித்து நீ வயிற்றில் இருந்தபோது நான் எந்த டாக்டர் என்று கேட்கவில்லை. உன்னை எடுத்தவர் ஓர் ஆண். பெயர் தெரியாது. "என் மகனை எடுத்த டாக்டர்" என்றே இன்றுவரை அல்லாஹ்விடம் கேட்கும் துஆவில் சொல்லி வருகிறேன். அல்லாஹ்வுக்குப் பெயர் தெரியும்.

இதையெல்லாம் றிஸ்னாவிடம் சொல்லி முடித்து, "இப்ப சொல்லுங்க புள்ள, என்னயா கூட்டிக்கிட்டுப் போகப் போறீங்க?" என்று கேட்டேன். அவள் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "எங்கட மதினிக்குப் பேர் வெச்சீங்களா மாமி?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உன் வாப்பாகூடக் கேட்டதில்லை. ஹாஜறா என்று சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். றிஸ்னா எழும்பிப் போய் கிளினிக் கொப்பிக்குள் இருந்த அசைவு அட்டையை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். "கோடு குறஞ்சா என்ன எண்டு உங்களுக்குத்தான் தெரியும். இனி இத நீங்க எழுதுங்க. குறஞ்சா என்ன இழுத்துக்கிட்டாவது போங்க. ஆம்பிள டாக்டரா பொம்பிள டாக்டரா எண்டு நானும் கேக்க மாட்டன், நீங்களும் கேக்கப்படாது." அன்றிலிருந்து நான் ஒலுவிலுக்குத் திரும்பவில்லை. காலையில் இருந்து எண்ணுகிறோம். அவள் "ஒண்டு" என்பாள், நான் கோடு போடுவேன். நேற்று நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே பத்து வந்துவிட்டது. உன் பிள்ளை உன்னைப் போலத்தான், சும்மா கிடக்கத் தெரியாது.

இனி உன் பாங்குக்கு, பிள்ளை கேட்கும் முதல் தொழுகை அழைப்புக்கு, வருகிறேன். அந்த ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதில் பாதிக் குற்றம் என்னுடையது. நீ பிறந்த அன்று உன் வாப்பா வயலில் இருந்தார். வெட்டிய நெல் களத்தில் கிடந்தது, மழை இருட்டிக்கொண்டு வந்தது, விட்டு வரமுடியவில்லை. மூன்றாம் நாள்தான் முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றார். "உன் காதில பாங்கு சொல்லக்கூட வாப்பா இருக்கல்ல" என்று நான் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கோபம் வரும்போதெல்லாம் சொன்னேன். பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இல்லாத ஆண் குறையுள்ளவன் என்று நீ எடுத்துக்கொண்டாய். பாங்கு சொன்னது யார் என்பதை மட்டும் நான் ஒழுங்காகச் சொல்லவே இல்லை. வாட்டைக் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் வாசலைப் பார்த்தபடி இருப்பதைக் கண்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார். முகம் கைகால் கழுவி வுளூச் செய்து, நனைந்த கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து, "குடுங்க மகள்" என்று உன்னை வாங்கி உன் வலது காதில் மெதுவாகச் சொன்னார். நீ அழுகையை நிறுத்திக் கேட்டாய். முடித்ததும் உன்னைத் தந்துவிட்டு மீதித் தரையைக் கூட்டினார். அவ்வளவு அழகாக ஒரு பாங்கை நான் பிறகு கேட்டதில்லை. அதை உனக்குக் குறையாகச் சொல்லி வளர்த்தது என் பிழை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் வாப்பா எட்டிப் பார்த்தார். "அவன லீவப் பின்னுக்குத் தள்ள ஏலுமா எண்டு கேக்கச் சொல்லு. ஏலாட்டி பறவால்ல, நான் சொல்லுவன் பாங்கு. அவன்ட நேரத்தில சொல்லாதத இதில கழிச்சிருவன். தொண்ட இன்னும் இரிக்கி" என்றார். கடைசி வரியை எழுதவேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

நீ கெட்டவன் இல்லை மகன். பாசத்தில் தவறு செய்பவன். நானும் அப்படித்தான் செய்தேன். என் தவறு பக்தி போல இருந்தது, உன் தவறு பொறுப்புப் போல இருக்கிறது. அந்த மூன்று நாளை எனக்கு யாரும் திருப்பித் தரமுடியாது. உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதைவிட, எனக்கு அன்று வாய்க்காத ஒன்று உனக்கு வாய்த்திருக்கிறது. கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போகும் ஒருத்தி உன் வீட்டில், இல்லை, அவளுடைய வீட்டில் இருக்கிறாள். நீ அந்த வீட்டில் இருக்கிறாய். அதற்கு நீ காலமெல்லாம் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்யவேண்டும்.

இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புமுன் றிஸ்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஹாஜறாவின் கதை வேறு உம்மாக்களுக்கும் மகன்களுக்கும் உதவலாம், மறைக்கவேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். இரண்டு வரியை மட்டும் வெட்டச் சொன்னாள். இரண்டும் அவளைப் புகழ்ந்த வரிகள். ஒன்றை வெட்டினேன்.

வியாழக்கிழமை அவளுக்குக் கிளினிக். பேறு எங்கே, துணைக்கு யார் என்பதை அன்று கொப்பியில் எழுதுவார்கள். நீ சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் அவள் ஆஸ்பத்திரி என்றுதான் எழுதுவிப்பாள், அது எனக்குத் தெரியும். ஆனால் "அவரும் ஓம் எண்டவர்" என்று சொல்லி எழுதுவிப்பதற்கும் அதைச் சொல்லாமல் எழுதுவிப்பதற்கும் இடையில் அவள் முகம் எப்படி இருக்கும் என்பது உன் கையில் இருக்கிறது. அதனால் புதன்கிழமைக்குள் அவளுக்குப் போன் எடு. ஸ்பீக்கரில் இருப்பதாகவே நினைத்துக் கதை. லீவைத் தள்ள முடியுமா முடியாதா என்பதைப் பிறகு எனக்கு இரண்டு வரியில் எழுது. கெதியாகப் பதில் அனுப்பு.

உன் உம்மா